உப்புப் பார்க்க ஒரு வாய்

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் "நல்லா இல்லை" என்று ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. சோறு குழைந்து கூழானாலும் நல்லா இருக்கு. அரைவேக்காட்டில் இறக்கினாலும் நல்லா இருக்கு. ஒருநாள் அவசரத்தில் காப்பித்தூள் போட மறந்து வெறும் பாலையும் சர்க்கரையையும் கலக்கிக் கொடுத்துவிட்டாள். அதையும் குடித்து, நல்லா இருக்கு என்று சொல்லி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போன மனுஷன் அவர்.

வேலையும் அதற்கு ஏற்ற வேலைதான். பெரிய துணிக்கடையில், போட்டுப் பார்க்கிற அறைக்கு வெளியே நிற்பது. உள்ளே போனவர்கள் கதவைத் திறந்து கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். தொப்பை பிதுங்கினாலும் தோள் தொங்கினாலும் இவர் ஒரு அடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, நல்லா இருக்கு சார் என்பார். கடைப் பையன்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் கண்ணாடி. உண்மையில் எந்தக் கண்ணாடியும் அத்தனை பொய் சொல்லாது.

அவளுக்கு அதில் பெருமைதான் இருந்தது. தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலை அவளுக்கு. காலையிலிருந்து புகார் கேட்டே காது புளித்துப்போகும். இன்று காரம் கூட, நேற்று புளிப்பு குறைவு, முந்தாநாள் போட்டதையே மறுபடியும் போட்டிருக்கிறாய் என்று ஆளாளுக்கு நாட்டாமை செய்வார்கள். வீட்டுக்கு வந்தால் எதைப் போட்டாலும் தின்றுவிட்டு நல்லா இருக்கு என்று எழுந்து போகிற ஒரு ஆள். இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்திருந்தாள். அவர் பாராட்டு தேவைப்படாத அளவுக்கு அவள் நாக்கு அவளுக்குத் துணையாக இருந்தது. அளவுக் கரண்டி, தராசு எதையும் அவள் தொட்டதில்லை. கொதிக்கிற அண்டாவிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினால் போதும், இன்னும் எத்தனை கை உப்பு என்று கை தானாகவே போய் அள்ளும்.

இப்போது அந்த நாக்கு செத்துப்போயிற்று. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகு எதை வாயில் வைத்தாலும் இரும்புச் சாவியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது. தேனும் சாவி, எலுமிச்சையும் சாவி. சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது, வந்தால் சொல்லுங்கள் என்றாள் நர்ஸ், ஏதோ தொலைந்துபோன பூனையைப் பற்றிப் பேசுகிற மாதிரி. முடி போனதற்குக்கூட அவள் அழவில்லை. நாக்கு போனதற்கு அழுதாள்.

ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளான இன்று அவள் மனதைப் பிசைந்துகொண்டிருந்தது நாக்கு இல்லை. போன வாரம் ஸ்கேன் முடிவு வந்தது. அவள் உள்ளறையில் ஆஸ்பத்திரி அங்கியைக் கழற்றிச் சொந்த உடுப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் அவரை மட்டும் கூப்பிட்டுப் பேசினார். பேசி முடித்து வெளியே வந்தவரிடம் என்ன சொன்னார் என்று கேட்டாள். "நல்லா இருக்குன்னு சொல்லிட்டார். பண்டிகை முடிஞ்சு வரச் சொன்னார்" என்றார். அதே குரல். போட்டுப் பார்க்கிற அறைக்கு வெளியே நிற்கிற அதே குரல். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் கவனித்தாள், அவர் கோட்டுப் பொத்தான்கள் ஒன்று தள்ளி ஒன்று மாறிப்போயிருந்தன. துணிக்கடையில் தலை நரைத்த ஆள் பொத்தானை மாற்றிப் போடுவாரா? போடுவார், குளிருக்குக் கை விறைத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். டாக்டர் நிஜமாகவே அப்படிச் சொன்னாரா, இல்லை இவர் சொல்கிறாரா? ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் டாக்டர் விடுமுறையில் போய்விட்டார் என்றார்கள். இன்னொரு தடவை போட்டு வேறு யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயம்தான், வேறென்ன. தெரிந்துகொள்ளவும் வேண்டும், தெரிந்துவிடவும் கூடாது என்று ஒரு வாரமாக மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. இது கடைசிக் கிறிஸ்துமஸ் என்றால் அதைத் தெரிந்துகொண்டு கொண்டாட வேண்டும் என்று ஒரு சமயம் தோன்றும். அடுத்த நிமிஷமே, எதற்கு வம்பு, கேக்குக்குப் பழம் நறுக்கலாம் என்று தோன்றும்.

பழத்தை நறுக்கியதும் அவர்தான். பனிப்புயல் சாயங்காலத்துக்குள் ஊரைத் தொட்டுவிடும், யாரும் வெளியே வர வேண்டாம் என்று ரேடியோ காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. அது கத்தக் கத்த ஊரே கடைகளுக்குக் கிளம்பிவிட்டது. அவரும் போய் இடிபட்டு மிதிபட்டு, ரொட்டி, வெண்ணெய், மெழுகுவர்த்தி, கூடவே ஒரு பெரிய வாத்து என்று வாங்கிக்கொண்டு வந்தார். வாத்தைப் பார்த்ததும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஓவன் கதவு மூடாது, அத்தனை பெரிசு. மகளும் மாப்பிள்ளையும் வருகிறார்களே என்று எடுத்தேன், நல்லா இருந்தது என்றார்.

அவர்கள் வீட்டில் மூன்று இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது. உள்ளே ரொட்டியும் வெங்காயமும் திணித்து ஓவனில் வாட்டிய வாத்து, உலர்ந்த பழம் போட்ட கேக், எலும்பு சூப். மூன்றும் அவள் அம்மா செய்தது, அவள் செய்வது, மகள் இன்னும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளாதது. இந்த வருஷம் ஒன்றும் வேண்டாம், கடையில் ஏதாவது வாங்கிக்கொள்ளலாம் என்று மகள் போனில் சொன்னபோது அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் இன்னும் சாகவில்லை என்று சொல்லிவிட்டாள். சரிம்மா, உன் இஷ்டம் என்று மகள் சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். அவர் அவளுடைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றார். வெங்காயத்தை அளவெடுத்த துணி மாதிரி ஒரே சீராக நறுக்கினார், ஆனால் அரைக் கூடை வெங்காயம் முடிவதற்குள் பாதி நாள் போய்விடும் போலிருந்தது. வாத்தின் கால் இரண்டையும் வெட்டித் தனியாக வைத்த பிறகுதான் ஓவன் மூடியது. கேக் மாவை அவர் கலக்க, அவள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சிரிக்கக்கூடச் செய்தார்கள். ஏப்ரனில் அவர் நல்லா இருப்பதாக அவள் சொன்னாள், அவர் ஒரு அடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துக் காட்டினார்.

உப்புப் பார்க்கிற கட்டம் வந்ததும்தான் சிரிப்பு நின்றது. சூப் கொதித்து வந்தது. பழக்கத்தில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். சாவி. இன்னொரு சொட்டு. அதுவும் சாவி. நாற்பது வருஷம் பழகிய வீட்டில் விளக்கு அணைந்து சுவரைத் தடவுகிற மாதிரி இருந்தது. கரண்டியை அவர் பக்கம் நீட்டினாள்.

"நல்லா இருக்கு" என்றார்.

அவள் கொஞ்சம் உப்பு அள்ளிப் போட்டுக் கலக்கி மறுபடியும் நீட்டினாள். நல்லா இருக்கு என்றார். அப்படியென்றால் முன்னால் குடித்ததில் உப்பு குறைவாக இருந்ததா என்று கேட்டாள். இல்லை, அதுவும் நல்லா இருந்தது. இரண்டில் எது மேல் என்று கேட்டாள். அவர் நெற்றியைச் சுருக்கி ரொம்ப நேரம் யோசித்தார்.

"ரெண்டும் ஒவ்வொரு விதத்துல நல்லா இருக்கு."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஊரில் இருக்கிற புருஷன்மார்கள் தட்டை வீசுகிறார்கள், மூஞ்சியைச் சுளிக்கிறார்கள், எங்க அம்மா கைப்பக்குவம் வருமா என்று வருஷம் பூராவும் குத்திக்காட்டுகிறார்கள். தன் தலைக்கு என்று ஒரு ஆள் அமைந்தாரே! நான் கேட்பது பாராட்டு இல்லை, எனக்கு உங்கள் நாக்கு கொஞ்ச நேரம் வேண்டும், அவ்வளவுதான் என்று நிதானமாகவே சொன்னாள். குறை இருந்தால் சொல்லுங்கள், சொன்னால் நான் உடைந்துபோக மாட்டேன் என்றாள். அவர் அவள் தொப்பியைச் சரியாக இழுத்துவிட்டு, குறை இருந்தால் சொல்ல மாட்டேனா என்றார்.

மகளின் நாக்கு அப்படியில்லை, அம்மாவின் நாக்கு அப்படியே வந்திருக்கிறது. வாயில் வைத்த உடனே, இதில் ஒரு சிட்டிகை கம்மி என்று சொல்லிவிடுவாள். அதனால் எல்லாவற்றையும் அரை உப்பில் நிறுத்திவைப்போம், சாயங்காலம் அவள் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தாள். பதறாமல் எடுத்த நல்ல முடிவு. வாத்து ஓவனில் சிவந்துகொண்டிருந்தது. வாசனை வருகிறதா என்று அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

மதியம் போன் வந்தது. ரயில் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். ஸ்டேஷன் வரை வந்து பெட்டியோடு திரும்பிப் போகிறோம் என்று சொல்லும்போதே மகள் தேம்ப ஆரம்பித்துவிட்டாள். ஒரு கிறிஸ்துமஸ் வர முடியவில்லை என்பதற்கு யாரும் அப்படித் தேம்ப மாட்டார்கள். கைக்குழந்தை மாதிரி, மூச்சு விடக்கூட இடைவெளி இல்லாமல். புயல் நின்றதும் வாயேன், இதற்குப் போயா என்று இவள் தேற்றினாள். அப்பாவிடம் கொடு என்றாள் மகள். அவர் போனை வாங்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்தவரின் முகம் கழுவின மாதிரி ஈரமாக இருந்தது. மகள் நல்லா இருக்காளா என்று கேட்டாள். நல்லா இருக்கா என்றார்.

அப்புறம் ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம் மறைந்தது. முதலில் அதன் கூரை, பிறகு மாடிகள், கடைசியில் தெருவிளக்கு. காற்று ஜன்னல் சட்டத்தில் நுழைந்து ஊளையிட்டது. அவர் பழைய சட்டைகளைக் கிழித்து இடுக்குகளில் அடைத்துக்கொண்டு போனார். நாளைக்குச் சர்ச்சும் கிடையாது என்று ரேடியோ சொன்னது. நாலு பேருக்குச் செய்த சாப்பாட்டோடு இரண்டு பேர் உள்ளே அடைபட்டார்கள்.

மேல்வீட்டு டீச்சர் மெழுகுவர்த்தி இருக்குமா என்று கேட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். தனியாக இருக்கிற பெண், நல்ல பெண். அவளைப் பார்த்ததும் இவளுக்குச் சாமியே வந்து நின்ற மாதிரி இருந்தது. உட்கார வைத்து ஒரு கிண்ணம் சூப் ஊற்றிக் கொடுத்து, உப்பு எப்படி இருக்கிறது, மறைக்காமல் சொல் என்றாள். டீச்சர் ஒரு வாய் குடித்தாள். பார்வை இவள் தொப்பிக்குப் போய், அங்கிருந்து அவர் முகத்துக்குப் போய், கிண்ணத்துக்குத் திரும்பி வந்தது.

"சூப்பரா இருக்குக்கா. உங்க கைக்கு என்ன குறை" என்றாள்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிவப்பு மையால் சுழித்துத் தள்ளுகிறவள் அவள். பரீட்சைத் தாளில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் மார்க்கைக் குறைப்பவள். அவளும் சூப்பர் என்றாள். கிண்ணத்தில் பாதிக்கு மேல் மீதி வைத்துவிட்டு, வயிறு நிரம்பிவிட்டது என்று மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். போகும்போது இவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். அந்த அழுத்தம் இவளுக்குப் பிடிக்கவில்லை. துக்க வீட்டில் அப்படித்தான் அழுத்துவார்கள்.

உடம்புக்கு முடியாதவளிடம் ஒருத்தரும் உண்மை பேச மாட்டார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் கண்ணாடியாகிவிட்டார்கள். நான் போடுவதை எல்லாம் தின்பார்கள், நான் கேட்பதற்கெல்லாம் தலையாட்டுவார்கள், எனக்கு என்ன நடக்கிறது என்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நெஞ்சுக்குள் ஒரு கோபம் எழுந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை, ஆனால் கையில் பலம் வந்த மாதிரி இருந்தது.

அவர் முன்னறையில் கடைசி ஜன்னலுக்குத் துணி அடைத்துக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சின்னக் கிண்ணம் ஒன்றை எடுத்து அதில் சூப் ஊற்றினாள். உப்பு டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளிப் போட்டாள். போதாது என்று இன்னொரு கையும் போட்டாள். கரையும் வரை கலக்கினாள். மாட்டுக்குக்கூட யாரும் இப்படிக் கலக்கிக் கொடுக்க மாட்டார்கள். எடுத்துக்கொண்டு போய் முன்னறை மேஜையில் வைத்து, சூடு ஆறுவதற்குள் குடியுங்கள் என்றாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரில் அவளும் உட்கார்ந்தாள். முதல் கரண்டி வாய்க்குள் போனது. போனதும் கை அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. தொண்டை மேலே ஏறி இறங்கியது. அவர் நிமிரவில்லை. இரண்டாவது கரண்டியும் போனது. துப்புங்களேன் என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். துப்புங்கள், கிண்ணத்தைத் தூக்கி எறியுங்கள், உனக்குப் பைத்தியமா என்று கத்துங்கள். இன்று வாய் நிறையத் திட்டினால், நாளைக்கு நீங்கள் நல்லா இருக்கு என்று சொல்வதை நான் நம்பிக்கொள்வேன். டாக்டர் சொன்னதாக நீங்கள் சொன்னதையும் நம்பிக்கொள்வேன். ஒரே ஒரு திட்டு போதும்.

அவர் குடித்துக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் கட்டியது. உதடு கோணியது. கரண்டி கிண்ணத்தில் தட்டும் சத்தம் காற்றின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. பாதிக் கிண்ணம் காலியானதும் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா" என்றார். சிரிக்கவும் செய்தார்.

கை நீட்டிக் கிண்ணத்தைப் பிடித்து நிறுத்தினாள். அவர் அதை விடாமல் பிடித்துக்கொண்டார், மீதியையும் குடித்துவிடப் போகிறவர் மாதிரி. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"டாக்டரும் இப்படித்தான் நல்லா இருக்குன்னு சொன்னாரா?" என்று கேட்டாள்.

அவர் கை தளர்ந்தது. வெளியே ஏதோ தகரம் பெயர்ந்து தெருவோடு உருண்டு போயிற்று. அவர் முகத்தை அவள் இத்தனை வருஷமாகப் பார்க்கிறாள், அதில் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய் அவள் பார்த்ததில்லை. வார்த்தை தேடித் தேடி, கடைசியில் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உப்பு அதிகம். வாயில வைக்க முடியலை."

அப்புறம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, டாக்டர் அப்படிச் சொல்லலை என்றார். அது அவளுக்குச் சரியாகக் கேட்கக்கூட இல்லை, கேட்க வேண்டியதும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து வராத குறை இன்று வந்துவிட்டது. காலையிலிருந்து அதற்காகத்தான் கரண்டியும் கையுமாக அவர் பின்னால் அலைந்தாள். எழுந்து போய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரே ஒரு தடவை நல்லா இருக்கு என்று சொல்லிவிடக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு.